பந்து வந்தாச்சு, ஆட இடம் எங்கே? ஏற்காடு மலைப் பிள்ளைகளின் கேள்வி

சேலம் –

ஏற்காடு மலையில் எதற்குக் கிராக்கி அதிகம்? காப்பிக்கா, மிளகுக்கா, ஆரஞ்சுக்கா?

மூன்றுக்கும் இல்லை. சமதளத்துக்குத்தான்!

சேலத்தில் இருந்து பஸ் ஏறி, 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி, சுமார் 5 ஆயிரம் அடி உயரத்துக்குப் போய்ப் பாருங்கள். திரும்பின பக்கம் எல்லாம் சரிவுதான். ஒரு சரிவில் காப்பித் தோட்டம். இன்னொரு சரிவில் காடு. நாகலூர், மஞ்சக்குட்டை, செம்மநத்தம் என்று உள்ளே போகப் போக இதே கதைதான். கை தவறிய பந்தை எடுக்க ஒருவன் பள்ளத்தில் இறங்குவான். அவன் ஏறி வரும்வரை மற்றவர்கள் மட்டையை ஊன்றிக்கொண்டு நிற்பார்கள்.

இப்படிப்பட்ட மலையில் அரை ஏக்கர் சமமாகக் கிடந்தால் பிள்ளைகள் விடுவார்களா? நாலு கல்லை நட்டு ஆட்டத்தைத் தொடங்கிவிடுவார்கள்.

ஆனால் அந்த அரை ஏக்கர் மீது வேறு கண்களும் உண்டு. கட்டிடம் கட்ட ஒருவர் பார்க்கிறார். சீசனில் கார் நிறுத்த ஒருவர் பார்க்கிறார். தண்ணீர்த் தொட்டி வைக்கணும், குப்பை கொட்டணும் என்று இன்னும் சிலர். எல்லாம் தேவைதான். ஒன்றையும் குறை சொல்வதற்கு இல்லை. ஆனால் கேட்கத் தெரிந்தவர்கள் கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள். பிள்ளைகளுக்குக் கேட்கத் தெரியாது. அவர்களுக்கு ஓட்டும் கிடையாது!

மூட்டை கட்டி வராது

அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது.

2006-ல் தொடங்கிய அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் நூலகத்தோடு விளையாட்டுத் திடலும் இருந்தது. அடுத்து வந்த ஆட்சியில் அம்மா இளைஞர் விளையாட்டுத் திட்டம். 2024 பிப்ரவரியில் கலைஞர் விளையாட்டு உபகரணத் திட்டம் தொடங்கியது. தமிழ்நாட்டின் 12 ஆயிரத்து 525 கிராம பஞ்சாயத்துகளுக்கும் மட்டை, பந்து, வலை என்று 33 வகைச் சாமான்கள் தருவது அந்தத் திட்டம்.

நல்ல காரியம். ஆனால் மட்டையும் பந்தும் மூட்டை கட்டி லாரியில் வந்துவிடும். மைதானம் அப்படி வராது. அது அந்த ஊரிலேயே இருக்க வேண்டும். இருந்ததை விடாமல் காப்பாற்றியும் இருக்க வேண்டும்.

சுவர் இருந்தால்தானே சித்திரம்?

கீழே வேறு, மேலே வேறு

"ஒரு இடம் போனால் இன்னொரு இடம்" என்று கீழே சமவெளியில் சொல்லலாம். ஓமலூர் பக்கமோ ஆத்தூர் பக்கமோ ஒரு திடல் பறிபோனால், ஊருக்கு வெளியே ஒரு மேய்ச்சல் நிலம் அகப்படலாம்.

மலையில் அது நடக்காது.

காரணம் மூன்று.

ஒன்று, தோட்டங்கள் தனியார் சொத்து. அவர்கள் விரும்பினால்தான் பிள்ளைகள் ஆட முடியும்.

இரண்டு, காடு. 1980-ம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு, மத்திய அரசின் அனுமதி இல்லாமல் காட்டு நிலத்தை வேறு காரியத்துக்குத் திருப்ப முடியாது. அப்படித்தான் இருக்கவும் வேண்டும்.

மூன்று, சரிவை வெட்டிச் சமப்படுத்துவது. மலைப் பகுதிகளைக் காப்பதற்கென்றே 1990-ல் மலையிடப் பாதுகாப்புக் குழு அமைத்தார்கள். 'ஹாகா' என்று ஆபீசுகளில் சொல்கிறார்களே, அதுதான். ஏற்காடு மலையும் அந்தக் கட்டுப்பாட்டுக்குள் வருகிறது. நினைத்தபோது பொக்லைனைக் கொண்டுவந்து மலையைக் குடைய முடியாது. குடைந்தால் மழையில் மண் சரியும். கீழே இருக்கிற வீட்டுக்கு ஆபத்து.

ஆக, மலையில் புதுசாக மைதானம் உண்டாக்குவது என்பது அநேகமாக நடக்காத காரியம். இன்று இருப்பதுதான் நாளைக்கும். இன்று ஒன்று போனால் போனதுதான்!

ஏற்காட்டில் நல்ல மைதானங்களே இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. 1917-ல் தொடங்கிய மான்ட்போர்ட் பள்ளி போன்ற உறைவிடப் பள்ளிகளில் அருமையான மைதானங்கள் இருக்கின்றன. பள்ளி அவர்களுடையது, மைதானமும் அவர்கள் பிள்ளைகளுக்கு. அதில் தப்பு இல்லை. நாம் கேட்பது, தோட்டத்தில் பழம் பறிக்கிறவர் மகனுக்கும், மலைக் கிராமத்துப் பெண்ணுக்கும் எங்கே இடம் என்பதுதான்.

பையன் கண்ணுக்கு மைதானம். தாலுகா ஆபீசில் தரிசு!

இங்கேதான் விஷயமே இருக்கிறது.

ஊரில் எல்லோரும் "கிரவுண்டு" என்று சொல்லும் இடம், அரசாங்கக் கணக்கில் கிரவுண்டு இல்லாமல் இருக்கலாம். அப்பா ஆடிய இடம், தாத்தா ஆடிய இடம் என்பதெல்லாம் ஊர்ப் பேச்சு. தாலுகா ஆபீசில் 'அ' பதிவேடு என்று ஒன்று உண்டு. ஒவ்வொரு புல எண்ணுக்கும் நேரே, அது யாருடைய நிலம், என்ன வகை என்று அதில் எழுதியிருக்கும்.

"விளையாட்டு மைதானம்" என்று அதில் இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது.

"தீர்வை ஏற்பட்ட தரிசு" என்று இருந்தால்? யாருக்கும் பயன்படாமல் சும்மா கிடக்கும் நிலம் என்று பொருள். அதை வேறு காரியத்துக்கு ஒதுக்க ஒரு உத்தரவு போதும். உத்தரவு போடும் அதிகாரி மேல் குற்றம் சொல்ல முடியாது. அவர் காகிதத்தைத்தான் பார்க்கிறார். காகிதத்தில் பிள்ளைகள் இல்லை.

ஒரு நாள் காலையில் லாரியில் கல்லும் மணலும் வந்து இறங்கும். அப்போது ஓடி என்ன பயன்?

சின்னப்பம்பட்டி சொல்லும் பாடம்

மைதானம் ஒன்றும் பெரிய விஷயம் இல்லை என்பவர்களுக்கு நம் சேலம் மாவட்டத்திலேயே பதில் இருக்கிறது.

சின்னப்பம்பட்டி நடராஜன். டென்னிஸ் பந்தில் ஆடி வளர்ந்த வாலிபர். 2020-21-ல் ஆஸ்திரேலியா போனார். ஒரே சுற்றுப்பயணத்தில் ஒரு நாள் போட்டி, 20 ஓவர் போட்டி, டெஸ்ட் மூன்றிலும் இந்தியாவுக்காக முதல் முறையாக இறங்கினார். அதற்கு முன் எந்த இந்தியருக்கும் கிடைக்காத பெருமை அது.

பேரும் புகழும் வந்த பிறகு அவர் சொந்த ஊரில் என்ன செய்தார்? கிரிக்கெட் மைதானம் அமைத்தார்! 2023 ஜூனில் அது திறக்கப்பட்டது. தன் ஊர்ப் பையன்களுக்கு முதலில் எது வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

ஆனால் ஊருக்கு ஒரு நடராஜன் கிடைப்பாரா? கிடைக்காத ஊர் என்ன செய்வது?

பேஸ்பால் ஆட ஒரு ஏக்கர்

முதலில், இருக்கும் இடத்துக்கு ஏற்ற ஆட்டத்தைப் பார்க்கலாம்.

பெரியவர்கள் ஆடும் கிரிக்கெட்டுக்கு, எல்லைக்கோட்டை ஓரளவு கிட்டப் போட்டாலும் ஏறக்குறைய 3 ஏக்கர் பிடிக்கும். 100 மீட்டர் நீளம், 64 மீட்டர் அகலம் உள்ள கால்பந்து மைதானத்துக்கு ஒன்றரை ஏக்கருக்கு மேல். மலையில் இதற்கு எங்கே போவது?

பேஸ்பாலைப் பாருங்கள். அணிக்கு 9 பேர். உருட்டுக்கட்டை போல ஒரு மட்டை, ஒரு பந்து, கைக்கு உறை. 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளின் ஆட்டத்தில் ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் 60 அடி. பந்து எறிபவர் நிற்பது 46 அடி தூரத்தில். எல்லை 200 அடியில். மட்டை பிடிப்பவர் மைதானத்தின் ஒரு மூலையில் நிற்பார். ஆகவே 200-க்கு 200 அடி போதும். கணக்குப் போட்டால் 92 சென்ட். பின்னால் வலை கட்ட இடம் விட்டாலும் ஒண்ணேகால் ஏக்கருக்குள் அடங்கிவிடும்.

மலைக்கு இதில் இன்னொரு வசதியும் உண்டு. மட்டை பிடிப்பவரைப் பள்ளத்து மூலையில் நிறுத்தி, மேட்டைப் பார்த்து அடிக்கச் சொல்லலாம். முதுகுக்குப் பின்னால் உயரமாக வலை கட்டிவிட வேண்டும். அடித்த பந்து சரிவில் மோதித் திரும்பி வரும். யாரும் பள்ளத்தில் இறங்க வேண்டாம்!

"நம்ம ஊர்ப் பையன்களுக்கு இது எதற்கு?" என்று நினைக்க வேண்டாம். பள்ளி மாணவர்களின் தேசியப் போட்டிகளில் பேஸ்பாலும் உண்டு. 2028-ல் லாஸ் ஏஞ்சல்சில் நடக்கும் ஒலிம்பிக்கில் கிரிக்கெட்டோடு பேஸ்பாலையும் சேர்க்க 2023-ல் முடிவானது. உத்தரப்பிரதேசத்துப் பையன்கள் இரண்டு பேர், ரிங்கு சிங், தினேஷ் படேல். ஈட்டி எறிந்துகொண்டிருந்தவர்கள். 2008-ல் பந்து எறியும் போட்டி ஒன்றில் தேறி, அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் கிளப்பில் ஒப்பந்தம் ஆனார்கள். அந்தக் கதை 2014-ல் ஹாலிவுட் படமாக வந்தது. இசை, நம் ஏ.ஆர்.ரகுமான்.

பேஸ்பால்தான் ஆடணும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை. கபடி ஆடலாம். கைப்பந்து ஆடலாம். சொல்ல வருவது, சின்ன இடத்தையும் தினமும் நிறைத்து வைக்கலாம் என்பதுதான். ஏனென்றால் காலியாகக் கிடக்கும் இடம்தான் முதலில் கைமாறும்.

மரக்கடையும் பால் பண்ணையும்

சரி, தினமும் நிறைத்து வைப்பது யார்? அதற்குத்தான் சங்கம்.

இது ஏதோ பெரிய பணக்காரர் சமாச்சாரம் என்று நினைக்காதீர்கள். உலகம் முழுவதும் பேர் வாங்கிய 'லிட்டில் லீக்' பிள்ளைகள் பேஸ்பால் அமைப்பு எப்படித் தொடங்கியது தெரியுமா?

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலம், வில்லியம்ஸ்போர்ட் என்ற ஊர். 1939-ம் ஆண்டு. கார்ல் ஸ்டாட்ஸ் என்பவர் தன் உறவுப் பையன்களுக்காக ஆரம்பித்தார். மொத்தமே 3 அணிகள். செலவுக்குக் கடை கடையாகக் கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கினார். பலர் கையை விரித்தார்கள். கடைசியில் ஒரு பால் பண்ணை, ஒரு மரக்கடை, ஒரு தின்பண்டக் கம்பெனி மூன்றும் ஆளுக்கு ஒரு அணியை எடுத்துக்கொண்டன. சட்டையில் கடைப் பெயர்!

இன்று பல நாட்டுப் பிள்ளைகள் அதில் ஆடுகிறார்கள். இப்போதும் ஊர் ஊராக அதை நடத்துவது சம்பளம் வாங்காத தாய் தகப்பன்கள்தான்.

நம் சென்னை வியாசர்பாடியிலும் உதாரணம் உண்டு. உமாபதி, தங்கராஜ் என்ற இரண்டு கால்பந்து வீரர்கள், குடிசைப் பகுதிப் பிள்ளைகளைச் சேர்த்து மாலை நேரத்தில் பந்து பழக்கினார்கள். படிப்பை விட்ட பிள்ளைகளை மறுபடி பள்ளிக்கு அனுப்பினார்கள். அடிதடிக்குப் பேர் போனதாகச் சொல்லப்பட்ட பகுதி, கால்பந்துக்குப் பேர் வாங்கியது.

சேலத்துக் கடைக்காரர்களே, ஏற்காட்டுச் சீசனில் நாலு காசு பார்க்கும் வியாபாரிகளே! ஒரு அணிக்கு 9 சட்டை. உங்கள் கடைப் பெயரைப் போட்டுக் கொடுங்கள். விளம்பரத்துக்கு விளம்பரம், புண்ணியத்துக்குப் புண்ணியம்.

தலைவரும் அவரே, செயலாளரும் அவரே!

சங்கம் தொடங்குவது சுலபம். நடத்துவதுதான் கஷ்டம்.

பல ஊர்களில் பார்க்கிறோம். தலைவர் ஒருவர். செயலாளரும் அவரே. பொருளாளர் அவர் மச்சான். வசூல் புத்தகம் அவர் வீட்டுப் பரணில். அவர் திருப்பூருக்கு வேலைக்குப் போனால் சங்கமும் கூடவே பஸ் ஏறிவிடும்!

இதற்குத்தான் சட்டம் வழி சொல்கிறது. 1975-ம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி 7 பேர் சேர்ந்தால் சங்கத்தைப் பதிவு செய்யலாம். வருஷத்துக்கு ஒரு முறை பொதுக்குழு கூட்டிக் கணக்குக் காட்ட வேண்டும். நிர்வாகிகளின் பதவிக்காலம் 3 ஆண்டுக்கு மேல் போகக் கூடாது.

இதோடு ஊர்க்காரர்கள் தாங்களாகச் செய்துகொள்ள வேண்டியது சில உண்டு.

பேங்கில் இரண்டு பேர் கையெழுத்துப் போட்டால்தான் பணம் எடுக்க முடியும் என்று எழுதிக் கொடுங்கள். வரவு செலவை மைதானத்துச் சுவரிலேயே ஒட்டுங்கள்.

நேர அட்டவணை போடுங்கள். பெண் பிள்ளைகளுக்கு என்று தனி நேரம் ஒதுக்குங்கள். இல்லாவிட்டால் ஊரில் பாதிப் பேருக்கு அந்த மைதானம் வேடிக்கை பார்க்கும் இடம் மட்டும்தான்.

யார் வந்தார்கள், எத்தனை பேர் ஆடினார்கள் என்று தினமும் நோட்டில் எழுதுங்கள். போட்டி நடந்தால் தேதியோடு போட்டோ எடுத்து வையுங்கள். "இந்த இடத்தை யாரும் பயன்படுத்துவது இல்லை" என்று நாளைக்கு ஒரு அறிக்கை வந்தால், நோட்டை எடுத்து நீட்டலாம்.

மழைக்கு முன்னால் மேட்டுப் பக்கம் ஒரு வாய்க்கால் வெட்டுங்கள். தண்ணீர் மைதானத்தில் பாயாமல் ஒதுங்கும். சேறாகிக் கிடக்கும் இடத்தில்தான் குப்பை வந்து விழும்.

கோர்ட்டு என்ன சொல்கிறது?

"அரசாங்கமே எடுத்தால் நாம் என்ன செய்ய முடியும்?" என்று பலர் கேட்கிறார்கள். செய்ய முடியும். செய்தும் காட்டியிருக்கிறார்கள்.

பெங்களூர் ராஜமகால் விலாஸ் பகுதியில் பூங்காவுக்கு என்று ஒதுக்கிய இடம். அதைத் தனியார் ஆஸ்பத்திரி கட்டக் கொடுத்தார்கள். முதல்-மந்திரியே உத்தரவு போட்டிருந்தார். அந்தப் பகுதி ஜனங்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 1991-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு சொன்னது: பூங்காவுக்கு ஒதுக்கியதை ஆஸ்பத்திரிக்குக் கொடுத்தது செல்லாது!

ஏன் ஜெயித்தார்கள்? பூங்கா என்று திட்டத்தில் எழுதியிருந்தது. அந்த எழுத்துதான் காப்பாற்றியது.

2011 ஜனவரியில் இன்னொரு தீர்ப்பு. பஞ்சாபில் ஊர்க் குளத்தை ஆக்கிரமித்த வழக்கு. ஊர்ப் பொது நிலங்களில் உள்ள ஆக்கிரமிப்பை அகற்றத் திட்டம் வகுக்கும்படி எல்லா மாநிலங்களுக்கும் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. நம் ஊர்ப் புறம்போக்கும் அந்தத் தீர்ப்பில் பேசப்படுகிறது. "ரொம்ப நாளாக இருக்கிறோம், கட்டிடம் கட்டிவிட்டோம்" என்பதெல்லாம் சாக்கு ஆகாது என்றும் சொல்லிவிட்டது.

இங்கிலாந்தில் 1925-லேயே விளையாட்டுத் திடல்களைக் காக்கத் தேசிய சங்கம் வைத்தார்கள். பின்னால் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் நினைவாக 471 திடல்கள் ஏற்பட்டன. "இது விளையாடத்தான்" என்று பத்திரத்திலேயே கட்டிப் போடுவது அவர்கள் வழி. நம் ஊரில் அந்த வேலையை 'அ' பதிவேடு செய்ய வேண்டும்.

10 ரூபாய் போதும்

சரி, இன்றைக்கே என்ன செய்யலாம்?

முதல் வேலை, புல எண்ணைக் கண்டுபிடியுங்கள். 'அ' பதிவேட்டை இப்போது தமிழக அரசின் இணையதளத்திலேயே பார்க்கலாம். இல்லாவிட்டால் தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டி மனுப் போடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.

இரண்டாவது, கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய 6 நாட்களில் கூடுகிறது. "இந்தப் புல எண்ணை விளையாட்டு மைதானமாக வகைப்படுத்த வேண்டும்" என்று தீர்மானம் கொண்டுவாருங்கள். பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். ஓட்டு இல்லாவிட்டால் என்ன, முகம் இருக்கிறது.

மூன்றாவது, தீர்மானம் போட்டதோடு நிற்காதீர்கள். அதனால் மட்டும் வகைப்பாடு மாறிவிடாது. அந்த நகலோடு தாசில்தாருக்கு ஒரு மனு. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டருக்கு ஒரு மனு. ஜமாபந்தியில் ஊர்க் கணக்கு திறக்கும்போது இன்னொரு முறை கேளுங்கள். கையொப்பமிட்ட ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

நிலம் பள்ளிக்கூடத்தோடு சேர்ந்ததா? 2009-ம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி ஒவ்வொரு பள்ளிக்கும் விளையாட்டு மைதானம் இருக்க வேண்டும். அதையும் மனுவில் எழுதுங்கள்.

சேலம் டவுனில் இருப்பவர்களும் இது மலைக்காரர்கள் கவலை என்று இருந்துவிட வேண்டாம். இரண்டரை ஏக்கருக்கு மேல் மனை பிரித்தால், சாலை போக மீதியில் 10-ல் ஒரு பங்கைப் பொது இடமாகத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது விதி. உங்கள் நகரில் அந்த ஒரு பங்கு எங்கே? பூங்காவாக இருக்கிறதா, யாராவது வேலி போட்டுவிட்டார்களா? இன்று மாலை வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு நடை எட்டிப் பாருங்கள்.

மலையில் சாயங்காலம் பனி இறங்குவதற்குள் பிள்ளைகளுக்குக் கிடைப்பது ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரம் ஓட அவர்களுக்கு ஒரு ஏக்கர் வேண்டும். அந்த ஏக்கருக்கு நேரே தாலுகா ஆபீஸ் பதிவேட்டில் "விளையாட்டு மைதானம்" என்று இரண்டு வார்த்தை வேண்டும்.

அதை எழுதி வாங்க வேண்டியது பெரியவர்கள் பொறுப்பு!